மழை வெறித்த பத்து நிமிடங்கள்

கோலாலம்பூரில் மாலை மழைக்கென ஒரு நேரம் உண்டு. ஏப்ரலிலும், பின்னர் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மேகம் திரளும். வேலை முடியும் நேரம் பார்த்து இடியோடு கொட்டும். பல நாள்களில் ஏழு, ஏழரைக்குள் வெறித்துவிடும். அதே நேரத்தில்தான் மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. நனைந்த தரையில் மணிக்கூண்டு தலைகீழாகத் தெரிகிறது. சாலையோரத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை உயர்த்துகிறார்கள்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி கெட்டுப்போகின்றன. மணிக்கூண்டின் முகம் வெள்ளைத் தட்டாகிவிடும், செங்கல் ஆரஞ்சுக் குழம்பாகிவிடும், வானம் புள்ளி புள்ளியாய்ச் சாம்பல் பூத்திருக்கும். விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கிறது. ஆகவே குறை கருவியில் மட்டும் இல்லை. ஒளி, தண்ணீர், ஈரக்காற்று மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1894இல் பணி தொடங்கி 1897இல் நிறைவுற்றது. ஏ.சி. நார்மன், ஆர்.ஏ.ஜே. பிட்வெல், ஏ.பி. ஹப்பாக் ஆகியோரின் கை இதில் உண்டு. இந்திய முகலாயப் பாணி வளைவுகள், செங்கல் சுவரில் வெள்ளைப் பட்டைகள், செப்புத் தகடு வேய்ந்த குவிமாடங்கள், ஏறத்தாழ 41 மீட்டர் உயர மணிக்கூண்டு. 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டது இதன் எதிரே இருந்த திடலில்தான். சுல்தான் அப்துல் சமாட் என்ற பெயர் 1974இல் வந்தது.

படம் எடுப்பவருக்கு இந்த வரலாற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: கட்டடத்தின் முகப்பு மேற்கே பார்த்தது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் மறைகிறது. கட்டடத்தின் பின்னால் இருப்பது கிழக்கு வானம். அதுதான் முதலில் இருளும். நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்தபின் அது அடிவானத்துக்குக் கீழே 6 பாகை செல்ல இங்கே சுமார் 21 நிமிடங்களே ஆகின்றன. லண்டனில் ஜூன் மாதம் இதற்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு, "நீல வேளை நிறைய இருக்கிறது" என்று தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது வானம் கறுத்திருக்கும். விடியலில் கணக்கு மாறுகிறது. கட்டடத்துக்குப் பின்னால் கிழக்கு வெளுக்கும். விளக்குகள் அணையும் முன் கிடைக்கும் சில நிமிடங்களில் குவிமாடங்களின் கோடு நீல வானத்தில் தெளிவாக எழும். மழை இரவுக்குப் பிந்திய விடியல் என்றால் இன்னும் நல்லது. ஆளும் இருக்காது, காற்றும் கழுவிவிடப்பட்டிருக்கும். புகைமூட்டக் காலத்தில் ஒரு பெருமழைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

தரையில் கிடக்கும் கோபுரம்

தண்ணீர் நல்ல கண்ணாடி அன்று. நேர்மேலிருந்து பார்த்தால் தன்மேல் விழும் ஒளியில் 2 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மற்றது உள்ளே போய்விடும். பார்வை சாயச் சாயத்தான் அது கண்ணாடியாகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கான சமன்பாடுகளை வகுத்தார். அவற்றை நம் மணிக்கூண்டுக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 மீட்டர் தள்ளி நின்றால், 41 மீட்டர் கோபுரத்தின் உச்சி தரையிலிருந்து சுமார் 22 பாகை உயரத்தில் தெரியும். அந்த உச்சியின் ஒளி அதே 22 பாகைச் சாய்வில் குட்டை நீரில் பட்டுத் தெறிக்கிறது. அந்தச் சாய்வில் நீர் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 11 விழுக்காடு. 200 மீட்டர் தள்ளிப் போனால் உச்சியின் கோணம் 12 பாகைக்குக் குறைகிறது. பிரதிபலிப்போ 30 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. தூரம் இரட்டித்ததில் பிரதிபலிப்பின் வலிமை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். "கேமராவைத் தரையோடு தரையாக வை, பிரதிபலிப்பு பிரகாசமாகும்" என்பார்கள். கோபுர உச்சியின் பிரதிபலிப்பு எவ்வளவு பிரகாசம் என்பதை அந்தக் கோணம்தான் முடிவு செய்கிறது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தாலும் 20 சென்டிமீட்டரில் இருந்தாலும் கோணம் மாறுவதில்லை. மாறுவது குட்டை இருக்க வேண்டிய இடம். நின்றபடி எடுத்தால் உச்சியின் பிம்பம் உங்களுக்கு முன்னால் 3.7 மீட்டரில் விழும். அங்கிருந்து கட்டடத்தை நோக்கி நீளமாகத் தண்ணீர் வேண்டும். 20 சென்டிமீட்டரில் வைத்தால் அரை மீட்டரிலேயே விழும். மேசை அகலக் குட்டையில் முழுக் கோபுரமும் அடங்கிவிடும். குனிவதால் கிடைக்கும் இலாபம் இதுதான். பிரகாசம் வேண்டுமென்றால் பின்னால் நடக்க வேண்டும்.

எப்படியானாலும் பிரதிபலிப்பு கட்டடத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். 11 விழுக்காடு என்றால் புகைப்படக்காரர் கணக்கில் மூன்று ஸ்டாப் குறைவு. கட்டடத்தின் அடிப்பகுதி தாழ்ந்த கோணத்தில் தெரிவதால் அதன் பிம்பம் வலுவாகவும், உச்சியின் பிம்பம் மங்கலாகவும் அமையும். திருத்தும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். குட்டைக்குள் இருக்கும் கோபுரம் மேலே இருக்கும் கோபுரத்தைவிடப் பளிச்சென்றிருக்கும் படங்களைப் போட்டிகளில்கூடப் பார்க்கிறோம். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

தார்ச்சாலையில் பிம்பம் கிடைக்காது. கோபுரம் நீண்ட ஒளிக்கோடாக இழுபடும். ஈரத்தாரின் ஒவ்வொரு மேடும் ஒரு குட்டிக் கண்ணாடி. சாய்வாகப் பார்க்கும்போது, நம்மை நோக்கியும் விலகியும் சாய்ந்திருக்கும் குட்டிக் கண்ணாடிகள் விளக்கின் பிம்பத்தைப் பல மீட்டர் நீளத்துக்குப் பரப்புகின்றன. பக்கவாட்டில் சாய்ந்தவை கொஞ்சம்தான் பரப்புகின்றன. அதனால் ஒளி எப்போதும் நம்மை நோக்கியே நீள்கிறது. கார்களின் பின்விளக்குச் சிவப்பும் கட்டடத்தின் பொன்னிறமும் இப்படிக் கோடுகளாக ஓடுவது என் கண்ணுக்குக் குட்டைப் பிம்பத்தைவிட அழகு.

போலரைசர் வடிகட்டியைப் பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். நீரிலிருந்து 53 பாகைக் கோணத்தையொட்டித் தெறிக்கும் ஒளி முழுக்க ஒரே திசையில் அதிர்கிறது. வடிகட்டியைத் திருப்பி வைத்தால் அந்தப் பிரதிபலிப்பு அப்படியே மறைந்துவிடும். பிரதிபலிப்புக்காக வந்துவிட்டு அதை அழிக்கும் கண்ணாடியை மாட்டுவானேன்? போதாக்குறைக்கு ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். லென்ஸைக் காப்பதற்கென்று மாட்டும் சாதாரண வடிகட்டியும் இரவில் தொல்லைதான். பிரகாசமான விளக்கின் ஒளி லென்ஸுக்கும் வடிகட்டிக்கும் இடையே துள்ளி, படத்தின் எதிர்மூலையில் பச்சைப் பொட்டாக விழும். மழைக்கு லென்ஸ் மறைப்பும் ஒரு மெல்லிய துணியும் போதும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுப்பது வேறு கதை. 2 மில்லிமீட்டர் துளி விநாடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் துளி 11 சென்டிமீட்டர் கோடாகப் பதியும். இருண்ட பின்னணியில், ஒளிவிளக்கின் கற்றைக்குள் விழும் துளிகள் அப்போது தெரியும். 4 விநாடி திறந்தால் எந்தத் துளியும் ஓரிடத்தில் பதியும் அளவுக்கு நிற்பதில்லை; மழை மங்கலான மூட்டமாகிவிடும். கைப்பேசியின் இரவு முறை ஒரு படி மேலே போகிறது. அது பல குறும்படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி காண்கிறது. ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் இல்லாததைப் பிழையென்று ஒதுக்குகிறது. மழைத்துளி அந்தக் கணக்கில் பிழை. கொட்டும் மழையில் எடுத்த படம் மழையே இல்லாமல் வருவது அதனால்தான். ஃபிளாஷ் போட்டாலோ, அருகில் விழும் துளிகள் வெள்ளை உருண்டைகளாகக் கட்டடத்தை மறைக்கும்.

ஏன் புள்ளி புள்ளியாய் இருக்கிறது?

இரவுப் படத்தின் இரைச்சல் கேமராவின் குறை என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ஒளியின் இயல்பு. ஒளி துகள்களாக, ஒழுங்கற்ற இடைவெளியில் வருகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 100 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரே விழுக்காடு. நிறைய ஒளி சேர்ப்பதுதான் மருந்து.

விளக்கேற்றிய சுவருக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 4 விநாடி என்று தொடங்கிப் பார்க்கலாம். கையில் பிடித்து ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/15 விநாடி என எடுத்தாலும் படத்தின் பிரகாசம் ஏறக்குறைய அதேதான். ஆனால் உணரிக்குள் வந்த ஒளி எட்டில் ஒரு பங்கு; இரைச்சலின் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைவதன் பயன் அந்த மூன்று மடங்கு. முக்காலி இல்லையென்றால் ஒரே காட்சியை 16 முறை எடுத்துக் கணினியில் அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும்.

அடுக்கும்போது மணிக்கூண்டைக் கவனியுங்கள். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை நகர்கிறது. 4 விநாடிப் படங்கள் 16 என்றால் ஒரு நிமிடத்துக்கு மேலாகும். முள் விசிறிபோல் விரிந்துவிடும். கடிகார முகத்தை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது நல்லது. கடிகார முகம் சுவரைவிடப் பிரகாசமானது என்பதால் எப்படியும் அதற்கெனக் குறைந்த நேரப் படம், அரை விநாடியோ அதற்கும் குறைவாகவோ, ஒன்று தேவைப்படும்.

ஒளியளவைச் சரிபார்க்கப் பலர் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் விளக்கில் சிவப்பு ஒளி மிகுதி, நீலம் சொற்பம். மூன்று நிறத்தையும் கலந்து காட்டும் வரைபடம் "இன்னும் இடமிருக்கிறது" என்று சொல்லும்போதே சிவப்பு நிறம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்படி வழிந்த இடத்தில் செங்கல்லின் நுண்விவரம் போனது போனதுதான். எந்த மென்பொருளும் அதை மீட்காது, கற்பனை செய்து நிரப்பும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தை இயக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் பாருங்கள். ரா கோப்பாக எடுங்கள்: 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256.

நனைந்த செங்கல் ஏன் கறுக்கிறது என்பதும் இங்கே சேரும். உலர்ந்த செங்கல்லின் துளைகளில் காற்று இருக்கிறது. ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்புகிறது. துளைகளில் நீர் நிரம்பினால் சிதறல் குறைந்து ஒளி ஆழமாகப் போகிறது, அங்கே உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் ஒளியிலும் ஒரு பகுதியை நீர்ப்படலம் மறுபடி உள்ளே தள்ளுகிறது. சுவர் இருளும், நிறம் அடர்த்தியாகும். வளைவுகளுக்கு உள்ளே நனையாத சுவரும், காற்றடித்து நனைந்த வெளிச்சுவரும் ஒரே விளக்கில் இருவேறு நிறமாகத் தெரிவது இதனால்தான். அதைத் திருத்தி ஒரே நிறமாக்கத் தேவையில்லை.

கணினியின் முன்

முதல் வேலை வெள்ளைச் சமநிலை. பழைய சோடியம் விளக்கு 2,000 கெல்வினை ஒட்டியது. வெதுவெளிச்ச எல்இடி 2,700 முதல் 3,000 வரை. அந்தி வானம் 10,000ஐத் தாண்டும். ஒரே எண்ணில் எல்லாம் சரியாகாது. சுவரிலுள்ள வெள்ளைப் பட்டையைத் தூய வெள்ளையாக்கினால் இரவு செத்துவிடும். வானம் மையைக் கொட்டியது போலாகும். நான் 3,400 சுமாருக்கு வைத்து, பட்டையில் இளமஞ்சளை விட்டுவிடுவேன். அங்கே நின்ற கண்ணும் அதை அப்படித்தான் பார்த்தது.

செங்குத்துக் கோடுகளை நேராக்கும் கருவி நல்லதுதான், அளவோடு. கேமராவை அண்ணாந்து வைத்து எடுத்த கோபுரம் மேலே குறுகும். மென்பொருள் மேல்பகுதியை இழுத்து அகலமாக்குகிறது. முழுதும் நேராக்கினால் நம் கண்ணுக்குக் கோபுரம் மேலே தடித்தது போலத் தோன்றும். முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். மூட்டம் நீக்கும் கருவி ஈரக்காற்றில் கைகொடுக்கும். ஆனால் வானத்தின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். நிழலையும் ஒளியையும் ஒரேயடியாகச் சமமாக்கினால் குவிமாடத்தைச் சுற்றி ஒளிவட்டம் பிறக்கும். சாமி படத்துக்கு அது பொருந்தும், செயலகக் கட்டடத்துக்குப் பொருந்தாது.

எனக்குக் கவலை தருவது அடுத்தது. இரைச்சலைத் துடைக்கும் புதிய மென்பொருள்கள் செங்கல் வரிசையைத் தாங்களே வரைகின்றன. ஒரு சொடுக்கில் குடைக்காரரையும், மின்கம்பியையும், சுவரில் வழிந்த நீர்த்தடத்தையும் அழிக்கலாம். குடைக்காரர் போனால் நட்டமில்லை. நீர்த்தடம் அப்படியல்ல. மழை நின்றபின் சுவரின் எந்தப் பகுதி கடைசியாகக் காய்கிறது, எந்தக் கூரைக்குழாயின் கீழே கறை நீள்கிறது, எந்தப் பட்டையில் பூச்சு உப்பியிருக்கிறது என்பதைப் பகல் படத்தைவிட இந்த இரவுப் படங்கள் நன்றாகக் காட்டுகின்றன. கீழிருந்து சுவரை உரசியபடி மேலேறும் வெளிச்சம் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் தருகிறது. மரபுச்சின்னங்களைப் பராமரிப்பவர்கள் இதே உத்தியை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள்: பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பரப்பை ஆராய்வது.

நூற்றிருபது ஆண்டைக் கடந்த ஒரு செங்கல் கட்டடத்துக்கு, கிழக்கே ஆறு, மேலே ஆண்டு முழுக்க மழை என்ற நிலையில், ஈரம்தான் பெரிய எதிரி. 2019இல் பாரிசின் நோட்ரடாம் பேராலயம் எரிந்தபோது, முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் அளவீடுகளும் படங்களும் மீட்புப் பணிக்கு உதவின. உங்கள் படம் அந்த அளவுக்குப் போகுமா என்பதல்ல பேச்சு. அழகுக்கான பிரதியை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள். ரா கோப்பைத் தேதியோடு தொடாமல் வைத்திருங்கள். பூச்சு எப்போது பெயரத் தொடங்கியது என்று பத்து ஆண்டு கழித்து ஒருவர் தேடும்போது, திருத்தாத கோப்பு மட்டுமே அவருக்குப் பதில் சொல்லும்.

ஈரமும் இடியும்

மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டியை விட்டு இறங்கி நேரே படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மழைக்குப் பின் வெளிக்காற்று 25 பாகை, ஈரம் நிறைவுக்கு அருகில். அந்தக் காற்று 24 பாகைக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். குளிர்சாதனத்தில் 21 பாகைக்குக் குளிர்ந்த லென்ஸ் பையிலிருந்து வந்த மறுநொடி பனிக்கும். துடைத்தால் மறுபடி பனிக்கும். கிளம்பும் முன்பே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, வெளியே வந்தபின் 20, 30 நிமிடம் பையோடு வெதுவெதுப்பாக விடுங்கள். நீர் பையின்மேல் படியும், லென்ஸ் தப்பும். வீடு திரும்பியதும் ஈரப்பையிலேயே போட்டு மூடி வைக்காதீர்கள். லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர நம் ஊர்க் காற்று போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு உள்ள உலர்பெட்டியே அதற்கு இடம்.

கடைசியாக, இடி. உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மெர்டேக்கா சதுக்கமோ திறந்த புல்வெளி. நடுவில் முக்காலியும் குடையுமாக நிற்பவர் அந்த வெளியில் உயர்ந்து நிற்கும் பொருள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க 3 விநாடி எடுக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முக்காலியை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ நிலையத்துக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம். அதற்குள் நீல வானம் போயிருக்கும். குட்டை நீர் அசைவின்றித் தெளிந்திருக்கும், கோபுரமும் அதில் இருக்கும்.